பதினேழாவது புள்ளி

ஆராய்ச்சி உதவித்தொகை முடிய ஒரு மாதம் இருந்தபோது, திருமயத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டுக்கு சாலா வந்து சேர்ந்தாள். ஆறு வருடமாக அவள் தேடியது விண்வெளியின் கரும்பொருள் திரள்களை. எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத அந்தத் திரள்கள் காமா கதிர்களை மட்டும் உமிழக்கூடும் என்பது கணிப்பு. செயற்கைக்கோள் பதிவில் பதினேழு புள்ளிகள் அகப்பட்டன. பதினாறு, தெரிந்த விண்மீன்களாகப் போய்விட்டன. மிஞ்சியது ஒன்று. பன்னிரண்டு ஆண்டுப் பதிவு முழுக்க அதன் பிரகாசம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பத்தாம் நாள் மதியம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாத்தாள் சோறு கொண்டுவந்தாள். வயது எதுவானாலும் அந்த வீட்டுப் பெண்கள் அவளுக்கு ஆச்சிதான்.

"ரெண்டாங்கட்டு உள்ளறையில அடுப்பு வச்சீங்களா ஆச்சி? செவரு சுடுது."

"இல்லையேக்கா."

சாலா போய்ப் பார்த்தாள். சன்னல் இல்லாத அறை. தரையெல்லாம் பல வருடத் தூசி. காய்ச்சல்காரர் பக்கத்தில் படுத்திருப்பதுபோல் ஒரு வெக்கை, துருவின் வாடை.

இருட்டுக்குள் ஏதோ மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.

பயப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

புதுப் பதிவில் புள்ளி இல்லை.

மூன்று முறை பார்த்தாள். அவள் இந்த வீட்டைத் திறந்த நாளிலிருந்து வானத்தில் அந்த இடம் வெறுமை.

விளக்குமாறு உரசும் சத்தம் கேட்டது. கண்ணாத்தாள் உள்ளறையைப் பெருக்குகிறாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். ஆனால் எழுந்து போக வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். சாலா நெற்றியை மேசையில் சாய்த்து ஒரு நிமிடம் கண்ணை மூடினாள்.

உரசல் நின்றது.

"அக்கா?"

ஓடினாள். விளக்குமாறு தரையில் கிடந்தது. தூசியில் காலடிகள் அறையின் நடுவரை போயிருந்தன. திரும்பவில்லை.

சுவர் குளிர்ந்திருந்தது.

போலீஸ் வந்தது. ஊரார் கிணறு, கண்மாய் எல்லாம் தேடி ஓய்ந்தார்கள். கண்ணாத்தாள் காணாமல் போன எட்டாம் நாள் வழிகாட்டிப் பேராசிரியர் ஆவுடையப்பன் போனில் கூப்பிட்டார்.

"சாலா, புள்ளி திரும்ப வந்திருச்சும்மா! பழையபடி நிலையா இருக்கு. ஆனா பக்கத்துல புதுசா இன்னொண்ணு."

"எப்படி இருக்கு சார்?"

"ரொம்ப மங்கல். விட்டு விட்டு வருது. உள்ளருந்து யாரோ கதவைத் தட்டுற மாதிரி."