செவியகம்

கண்ணசைவாலேயே கணினியை இயக்கும் விழியாணை வந்தபிறகு தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் ஒரு விசைப்பலகைகூட மிஞ்சவில்லை. கோப்பை ஒரு நொடி உற்றுப் பார்த்தால் திறக்கும். இருமுறை இமைத்தால் மூடும். பிறவியிலேயே பார்வையற்ற பெர்பெத்துவா உட்கார்ந்தால் மட்டும், இருக்கையில் ஆளில்லை என்று கணினி தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

கப்பல்களுக்கு நேரம் ஒதுக்கும் வேலையைப் பதினோரு வருடமாகப் பார்த்தவள் அவள். திங்கட்கிழமைக்குள் கணினியில் தனியாகச் செய்து காட்டாவிட்டால் வரவேற்பு மேசைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று கண்காணிப்பாளர் சங்கரவடிவு வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை, அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அலுவலகக் கணினியில் ஒரு சில்லைச் செருகினாள். அதில் இருந்தது செவியகம். பார்வையற்ற பொறியாளர்கள் சிலர் எழுதி இலவசமாகத் தரும் இயங்குதளம். விசைப்பலகை பழைய சாமான் கடையில் கிடைத்தது. எழுதியவர்களில் ஒருவரான மருதப்பன் தேனியிலிருந்து தொலைபேசியில் வழி சொன்னார்.

“பழசை அழிக்கவான்னு கேக்கும்மா. அந்த ஒரு இடத்துல மட்டும் அதுக்குப் பேச்சு வராது. இடது ஓரப் பொத்தானை மூணு தட்டு தட்டிட்டு நாப்பது எண்ணுங்க.”

“எண்ணியும் பேசலன்னா?”

“எனக்கு முதல் தடவை பேசல. உக்காந்து அழுதேன்.”

சிரித்துக்கொண்டே தட்டினாள். எண்ணினாள். நாற்பது. ஐம்பது. எழுபது வந்தபோது சிரிப்பு போயிருந்தது. பழைய இயங்குதளமும் அழிந்தாயிற்று. இனித் திரும்ப வழியில்லை.

“அண்ணே, ஆபீஸ் மெஷினைக் கொன்னுட்டேன்ணே.”

“ஸ்பீக்கரைச் சொருகினீங்களா?”

கையால் தடவினாள். கம்பி மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. செருகியதுதான் தாமதம், “...தமிழ் என்றால் கீழ் அம்புக்குறியை அழுத்துங்கள்” என்றது ஒரு குரல்.

“பேசுது! அண்ணே, பேசுது!”

எங்கே வழிதவறினாலும் ஓரப் பொத்தானைத் தட்டினால் நிற்கும் இடத்தை அது சொல்லியது. சாயங்காலத்துக்குள் குரலின் வேகத்தை நான்கு மடங்காக்கியிருந்தாள்.

மறுநாள் சங்கரவடிவு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“திரையில ஒண்ணுமே தெரியலயேம்மா?”

“அணைச்சு வச்சிருக்கேன் மேடம். இதைக் கேளுங்க.”

அவள் நீட்டிய ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்த சங்கரவடிவுக்கு அந்த வேகக் குரல் கடுகு வெடிப்பது போலிருந்தது. அதற்குள் ஒன்பது கப்பல்களுக்கு நேரம் ஒதுக்கியாகிவிட்டது. மற்றவர்கள் அந்த நேரத்தில் நான்கைத் தாண்டியதில்லை. நாள் முழுக்க உற்றுப் பார்த்து எரிந்த கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே சங்கரவடிவு மெல்லக் கேட்டார்:

“எனக்கும் ஒரு சில்லு கிடைக்குமா?”

மூன்று மாதத்தில் அந்த மாடியில் வேலை பார்த்த இருபத்திரண்டு பேரும் செவியகத்துக்கு மாறினார்கள். கண்ணை மூடினால் குரல் இன்னும் தெளிவாகப் புரிகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

அப்படியொரு காலையில் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்தார். வாசலிலேயே திகைத்து நின்றார். வரிசை வரிசையாக மூடிய கண்கள், கறுத்த திரைகள். ஒரே ஒரு பெண்ணின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. நிம்மதியோடு அவளிடம் விரைந்தார்.

“நல்லவேளை, நீங்க ஒருத்தராவது முழிச்சிருக்கீங்க! கண்ணாடியை வண்டியில விட்டுட்டேன். இந்த உத்தரவைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

தாளை வாங்கிக்கொண்ட பெர்பெத்துவாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டிருக்காங்க சார். கொஞ்சம் இருங்க, யாரையாவது திறக்கச் சொல்லுதேன்.”