விருந்தாளிக்குச் சருகு

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், அளவெட்டியில் நிவேதனாவின் வீட்டுப் பின்வளவுக்கு ஓர் ஆறுமணிக் குருவி வந்தது. பச்சை முதுகு, நீலச் செட்டை, கட்டை வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. மாமரத்தின் கீழே கிடந்த சருகுகளைச் சொண்டால் புரட்டிப் புரட்டித் திரிந்தது.

குளிர்காலத்தில் கடல் தாண்டி வரும் குருவி அது என்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். ஊரில் இத்தனை வளவுகள் இருக்க, எங்கள் வளவுக்கு வந்திருக்கிறதே என்று அவளுக்கு மனம் நிறைந்து போனது.

விருந்தாளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? அடுத்த நாள் விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்தாள். மரத்தடியில் ஒரு சருகு விடாமல் கூட்டி அள்ளினாள். சாணித் தண்ணீர் தெளித்தாள். சிரட்டையில் அரிசியும் வைத்தாள். கூட்டச் சொன்னாலே வயிற்றுக்குத்து என்று படுத்துவிடும் மகளை அம்மா வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

குருவி வந்தது. அரிசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெறும் நிலத்தை இரண்டு கொத்துக் கொத்திவிட்டு வேலிக்குள் மறைந்தது. மறுநாள் வரவேயில்லை.

"உவள் கூட்டினதைப் பாத்து அது பயந்து திரும்பிப் போயிட்டுது," என்றான் அண்ணன் சிவதர்ஷன்.

நிவேதனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. களைத்து வந்த உயிரைப் பட்டினி போட்டுவிட்டோமோ என்று கவலைப்பட்டாள். வேலியோரம் கிடந்த ஈரச் சருகை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அடியில் புழுக்கள் நெளிந்தன.

"அண்ணை, அது அரிசி தின்னாது. அதின்ரை சாப்பாட்டை எல்லாம் நான்தான் கூட்டி எறிஞ்சுபோட்டன்."

கூட்டிய சருகை அப்பா அன்றைக்கே வாழையடியில் குழி வெட்டித் தாட்டுவிட்டார். நிவேதனா சாக்கோடு பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினாள். குப்பை கேட்டு வந்த முதல் ஆள் நீதான் என்று மாமி சிரித்தார். ஆனாலும் தன் பலாமரத்தடிச் சருகை மூன்று சாக்கு நிறைய, தானும் சேர்ந்து அள்ளிக் கொடுத்தார்.

சருகுச் சாக்குகளைக் கண்ட அம்மா தலையில் கை வைத்தார். ஊரெல்லாம் குப்பையை வெளியே கொட்ட, தன் பிள்ளை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறதே என்றார். நிவேதனா விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஒரு சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் குருவியைக் காணவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் நிவேதனா பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தபோது அம்மா குசினி யன்னலடியிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். மாமரத்தடியில் சருகுகள் பறந்தன. நடுவில் குருவி.

"அம்மா, வந்திட்டுது," என்றாள். சந்தோசத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"மெல்லமாக் கதை பிள்ளை," என்றார் அம்மா. "அது சாப்பிடுது."