காலிக் கட்டிடத்தில் எடுத்த வரைபடம்

ஏழாம் மாடியின் அலைவரைபடத்தில், டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்குக் கரும்புள்ளி ஒன்று விழுந்திருந்தது. மூன்று நாளாக, மதியம் மூன்று மணிக்குத் தோன்றிப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம நீங்கதான மேடம் அளந்தீங்க? மூலைமுடுக்கெல்லாம் அலை எட்டுது, எல்லாம் பச்சைன்னு சான்றிதழ் குடுத்தீங்க. இது என்ன?" என்று குதித்தார் மேலாளர் எபனேசர்.

கட்டிடங்களில் வைஃபை அலை எங்கெங்கே எட்டுகிறது என்று அளக்கும் அலையளவர் பூங்கோதைக்கும் புரியவில்லை. பதினோரு வருடத்தில் அவள் சான்றிதழ் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

வைஃபை இணையம் கொடுப்பதோடு நின்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது அதே அலை ஆட்கள்மேல் பட்டுத் திரும்பி, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எப்படி மூச்சு விடுகிறார், நெஞ்சு என்ன வேகத்தில் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் கட்டிடத்தை நடத்தும் கணினியான கட்டிடமூளையிடம் போட்டுக்கொடுத்தது. நெஞ்சு படபடத்தால் பெயருக்கு நேரே 'கொதிநிலை' என்று சிவப்புக் குறி. குறி விழுந்தவருக்கு மறுநாள் வேலை கிடையாது. கோபப்படக்கூட வக்கில்லாத பிழைப்பு! இந்த லட்சணத்தில் அலை எட்டாத இடம் ஓர் அடிகூட இருக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் பிடிவாதம்.

ஆட்கள் நடமாடினால் அளவு கலங்கும் என்பதால், ஞாயிறு காலையில் காலிக் கட்டிடத்தில் அளப்பதுதான் அலையளவர்களின் வழக்கம். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கு ஒரு தரம் நின்று நின்று போவார்கள். திங்கட்கிழமை அங்கே மனிதர்கள் வருவார்களே என்று தொழிலில் யாருக்கும் உறைத்ததில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் பூங்கோதை கருவியோடு போய் நின்றாள். முப்பது பேர் கையில் டீயோடு தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கருவியின் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு காகிதம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பூங்கோதைக்கு உறைத்தது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் அலையை விழுங்கிவிடும். முப்பது பேர் நெருக்கி நின்றால் அது சுவர்தான்; கரும்புள்ளி அந்தச் சுவரின் நிழல். காலிக் கட்டிடத்தில் எடுத்த வரைபடத்தில் இது எப்படித் தெரியும்?

"போட்டுக்குடுக்கப் போறீங்களா மேடம்?" என்று கேட்டாள் காகிதத்துக்குக் காவலாக நின்ற மெஹருன்னிசா. அந்த மாடியில் வாடிக்கையாளர் புகார் கேட்பவள். "நெஞ்சை அளக்குறத நிறுத்துங்கன்னு கேக்குறோம், அவ்ளோதான். பாதிக்கு மேல கையெழுத்து இருந்தா நிர்வாகம் பேச உக்காந்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. ஆனா போடுறப்ப எல்லாருக்கும் பக்குபக்குங்குது. சீட்ல உக்காந்து போட்டா அந்த நிமிஷமே காட்டிக்குடுத்துரும்."

"எத்தன பேர் போட்டாச்சு?"

"அறுபத்திரெண்டு. முந்நூறு பேர்ல நூத்தம்பத்தொண்ணு வேணும்."

பூங்கோதை அண்ணாந்து பார்த்தாள். இப்போது அலை சுவர்களிலிருந்து மட்டும்தான் வருகிறது; கூரையிலும் அலை பாய்ச்சும் விளக்கு இரண்டு மாட்டினால் வட்டத்துக்குள்ளும் இறங்கிவிடும். பத்து நிமிட வேலை.

எபனேசர் ஃபோனில் கத்தினார். "அஞ்சு மணிக்குள்ள அந்த நிழல் போகணும். இல்லன்னா உங்க உரிமத்த ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதுவேன்."

ஒரே வரியில் பிழைப்பைப் பறிக்க முடிகிற அந்த 'நானே'தான் அவளுக்குச் சுருக்கென்றது; அவளும் இந்த முப்பது பேரில் ஒருத்திதான். இத்தனை வருடம் சுவரையும் கதவையும் அளந்தோம், உள்ளே இருப்பவர்களை ஒரு தரம்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

சான்றிதழ்ப் படிவத்தைத் திறந்தாள். அதில் இரண்டு கட்டங்கள். உரிமம் பெற்ற அலையளவர் எதை எழுதினாலும் கட்டிடமூளை மறுபேச்சில்லாமல் செய்துமுடிக்கும். தன்னிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அப்படி ஏற்பாடு செய்தவரே எபனேசர்தான்.

நிழலுக்குக் காரணம்: மனிதர்கள்.

தீர்வு: வெளியேற்றவும்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அனுப்பினாள்.

கணினிகள் அணைந்தன, கதவுகள் திறந்துகொண்டன. ஏழாம் மாடியில் உள்ள அனைவரும் உடனே வெளியேறும்படி கூரையிலிருந்து கட்டிடமூளையின் குரல் அன்பாகக் கேட்டுக்கொண்டது. முந்நூறு பேரும் படியில் இறங்கினார்கள். எபனேசர் மட்டும் ஓடிவந்து காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, "யாரக் கேட்டுத் தொறந்த? மூடு!" என்று கூரையைப் பார்த்து அலறினார். வரைபடம் முழுக்கப் பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு.

பெருங்குடிச் சாலையில், சுற்றுச்சுவருக்கு வெளியே, எந்த அலையும் யார் நெஞ்சையும் தொடவில்லை. நிறுத்தியிருந்த ஆட்டோவின் முதுகில் காகிதத்தை விரித்து, வரிசையில் நின்று, சத்தமாகத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். நூற்று ஐம்பத்தொன்று எப்போதோ தாண்டிவிட்டது. உரிமம் போனால் போகட்டும் என்று பூங்கோதை கருவியை அணைத்துவிட்டு, காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி கழித்து எபனேசர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. வாசல் கதவு வாங்கி வைத்துக்கொண்டதாம்.

"எனக்கே கொதிநிலைன்னு போட்டுருச்சும்மா. நாளைக்கு வர வேணாங்குது," என்றார். பிறகு காகிதத்தை எட்டிப் பார்த்து, "இதுல மேனேஜர் கையெழுத்து போடலாமா?" என்று கேட்டார்.

மெஹருன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தாராளமா போடலாம் சார். வரிசைல வாங்க."

அவருக்கு முன்னால் எண்பது பேர் நின்றார்கள்.