இனிப் பார்ப்பவர்

அன்று மத்தியானம் மாப்பிள்ளை தூங்கவில்லை. ராணுவச் சம்பள அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவன் குறட்டையை வைத்துத்தான் பாதிப் பேர் மணி பார்ப்பது வழக்கம்.

"மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?" என்றாள் டைப்பிஸ்ட், நிஜமான கவலையோடு.

கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஆள்குறைப்பில் பதினோரு பேரைக் கழித்துக் கட்டியதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கத்திரி என்று பெயர். நியாயமாகப் போயிருக்க வேண்டியவன் இந்த மாப்பிள்ளை. தங்கை புருஷனாயிற்றே! அவனுக்குப் பதிலாக விடுப்புப் பிரிவு அம்மாளின் பெயரை எழுதினார். "ரிட்டயராக இன்னும் ரெண்டே வருஷம் சார்" என்று அவள் வந்து நின்றபோது, "பார்க்கலாம்மா" என்று கோப்பைப் புரட்டினார். போன மாதம் அவள் செத்துப்போனாள்.

படிவத்தில் 'நீக்கப்படுபவரின் வேலையை இனிப் பார்ப்பவர்' என்றொரு கட்டம். அதில் மாப்பிள்ளையின் பெயர். அவன் பார்க்கமாட்டான் என்று தெரிந்தேதான் எழுதினார்.

இப்போது பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறி கடகடக்க, மக்கிய காகித வாடைக்கு நடுவே எங்கிருந்தோ அந்த அம்மாள் தடவும் தலைவலித் தைலம் மணக்க, அந்தச் சோம்பேறி முதுகை நிமிர்த்தி, இல்லாத முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்தில் கட்டுக்கட்டாக முடித்துத் தள்ளினான்.

"என்ன மாப்பிள்ளை, என்ன கூத்து இது?"

"வேலை கிடக்கு சார்."

சார். மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

தங்கை தொலைபேசியில் அழுதாள். "அண்ணே, காலையிலேர்ந்து அவருக்கு என்னை யாருன்னே தெரியலை. எப்படியாச்சும் மீட்டுக் குடுண்ணே."

படிவத்தை எடுத்தார். வேறு யாரை எழுதுவது? கண் மேசை மேசையாக மேய்ந்தது, பழக்கதோஷம். டைப்பிஸ்டிடம் நின்றது. கை கூசியது. மாப்பிள்ளையின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். தன் பெயரை எழுதினார்.

அந்தப் பக்கம் குறட்டை. அப்பாடா!

ஐந்தரைக்கு இறங்கினார். கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒரு சந்து. ஏறியே இராத மாடிப்படி. பையில் யாருடையதோ சாவி. பூட்டு திறந்துகொண்டது.

கட்டிலில் ஒரு பெரியவர். சாவுக்குப் போயிருந்தால் முன்பே பார்த்திருப்பார். அவளுடைய புருஷன்.

நான் அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் நேரமாயிடுச்சுங்க," என்றது வாய்.

பெரியவர் கண்காணிப்பாளரின் கன்னத்தைத் தடவினார். "இளைச்சுப் போயிட்டியேடி."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.