மூன்று தட்டு

மாலை ஐந்தே காலுக்கு அவள் மஞ்சள் கயாக்கைக் கொட்டகையின் மேல் அடுக்கிலிருந்து இறக்கியபோது, ஒரு வருடமாகத் தண்ணீரையே பார்க்காத அந்தப் படகின் உட்புறம் ஈரமாக இருந்தது.

"கூரை ஒழுகியிருக்கும்," என்றான் வாத்து. நிமிர்ந்து பார்த்தான். தகரத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

வாத்து அந்த ஏரியில் படகுப் பயிற்சியாளன். கரையில் ஆடி ஆடி நடப்பதால் அவள் கணவன் வைத்த பெயர். புதியவர்களுக்கான இந்த வகுப்பை நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். இப்போது வாத்து மட்டும் நடத்துகிறான்.

"இது வேணாம் அண்ணி. அந்தச் சிவப்பை எடுத்துக்குங்க. அகலம் ஜாஸ்தி, லேசுல கவிழாது."

"கவிழத்தானே வந்திருக்கேன்."

அவள் பஞ்சை எடுத்துத் துடைத்தாள். கால் நீட்டும் இருட்டுக்குள் கை முழுவதையும் விட்டு, படகின் மூக்கு குறுகும் இடம்வரை துழாவித் துடைத்தாள். உள்ளே ரப்பரும் பாசியும், எங்கோ அடியில் கணவனுடைய சவரச் சோப்பும் மணத்தன. சோப்பு மணம் மனப்பிரமையாக இருக்கலாம். துடைத்த இடத்தில் விரல் வைத்தாள். மறுபடி ஈரம். ஏரியைவிடக் குளிர்ந்த ஈரம்.

வகுப்பில் இன்னொருவர் இருந்தார். ஒரு வங்கி மேலாளர். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீச்சல் அவ்வளவா வராது தம்பி. முழுகுறது மட்டும் நல்லா வரும்."

"அதுதான் சார் முதல் பாடமே," என்றான் வாத்து.

இடுப்பில் ரப்பர் ஸ்கர்ட்டை மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயைச் சுற்றி இழுத்துப் பூட்டக் காட்டினான். பூட்டிவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. கால்கள் படகுக்குள், உடம்பு வெளியே. கவிழ்ந்தால் முன்னால் இருக்கும் பட்டை வளையத்தை இழுக்க வேண்டும். ஸ்கர்ட் கழன்றுவிடும், ஆள் வெளியே வந்துவிடலாம்.

"கவிழ்ந்ததும் படகோட அடிப்பக்கத்துல மூணு தடவை தட்டுங்க. நல்லா இருக்கேன், நானே வந்துடுவேன்னு அர்த்தம். பயமா இருந்தா விடாம தட்டுங்க. ஓடி வந்து தூக்கிடுவேன்."

"விடாம தட்டுறது எப்போலேர்ந்து?" என்றாள் அவள்.

வாத்து குனிந்து அவளுடைய வளையத்தைச் சரிபார்த்தான். வெளியேதான் இருந்தது. மறுபடியும் பார்த்தான்.

"போன வருஷம் மூணு மட்டும்தான் அண்ணி."

அவளுக்குத் தெரியும். ஊருக்கே வளையம் சரிபார்த்த அவள் கணவன், அன்று தன் வளையத்தை ஸ்கர்ட்டுக்கு உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தான். துடுப்பைக் கரையில் போட்டுவிட்டு, புதியவர்களுக்குக் காட்டுவதற்காகக் கவிழ்ந்தான். தட்டினான். கரையில் கைதட்டினார்கள். மறுபடி தட்டினான். "ஷோ காட்டுறான் பாருங்க," என்று வாத்து சிரித்தான். கைதட்டல் பெரிதானது. அவனுக்குத் தட்டத் தெரிந்தது மூன்றுதான்.

அவள் படகு ஓட்டக் கற்க வரவில்லை. அந்தக் கைதட்டல் தண்ணீருக்குக் கீழே கேட்குமா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு வருடமாக அவள் தூக்கத்தை அதுதான் தின்கிறது. கேட்டிருக்காது என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுப்பாள்.

வாத்து கொடுத்த ரப்பர் காலணி பெரிதாக இருந்தது. வெறுங்காலோடு உட்கார்ந்து கால்களை உள்ளே நீட்டினாள். ஸ்கர்ட்டைப் பூட்டியதும் கால்கள் காணாமல் போயின.

கரையை ஒட்டியே துடுப்புப் போட்டார்கள். மேலாளர் வட்டமடித்து நாணலுக்குள் புகுந்தார். நாணலிடம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வெயில் இறங்கி, எதிர்க்கரையின் நிழல் தண்ணீர் மேல் மெல்ல நீண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. துடுப்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை; படகின் அடியில் சிற்றலை இடிக்கும் ஓசை. அலை ஓய்ந்த பிறகும் அந்த இடி நிற்கவில்லை. அடியில் அல்ல. முன்னால், படகின் மூக்குக்குள்.

கட்டைவிரலில் ஏதோ பட்டது. கால்களை இழுத்துக்கொண்டாள்.

பஞ்சு, என்று சொல்லிக்கொண்டாள். பஞ்சை உள்ளேயே விட்டிருப்பேன்.

பஞ்சு மடியில், ஸ்கர்ட்டின் மேல் செருகியிருந்தது.

கணவன் ஏரியிலிருந்து எந்நேரம் வந்தாலும் அவன் கால்கள் ஏரியைக் கூடவே கொண்டுவரும். போர்வைக்கடியில் அவள் பாதங்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

"ஐயோ, பொணம் மாதிரி சில்லுன்னு இருக்கு. எடு காலை."

"சூட்டை நீ சும்மாதானே வச்சிருக்க? கொஞ்சம் குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

போன வருடம், மருத்துவமனையின் பின்கட்டில் வெள்ளைத் துணிக்கு வெளியே நீண்டிருந்த அந்தப் பாதங்களை அவள் இரண்டு கைகளாலும் தேய்த்தாள். ஊழியர் வந்து தோளைத் தொடும்வரை தேய்த்தாள். சூடேறவில்லை.

வாத்து மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். மேலாளர் முதலில் கவிழ்ந்தார். மூன்று தட்டு, கனைத்துக்கொண்டே எழுந்தார். "செத்துப் பொழைச்சேன்," என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். படகை இழுத்துக்கொண்டு கரையேறினார்.

"இன்னைக்கு வேணாம் அண்ணி. இருட்டிக்கிட்டு வருது."

"அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

வாத்து பக்கத்தில் வந்தான். "வளையத்துல ஒரு கை வச்சுக்கிட்டே கவிழுங்க. நான் இங்கேயே இருக்கேன். போன தடவை மாதிரி இல்ல. இங்கேயே."

அவள் மூச்சை இழுத்தாள். சாய்ந்தாள்.

பச்சை. பிறகு கறுப்பு. மூக்கில் ஏரி.

மேலே கைதட்டல். மேலாளர்தான், கரையிலிருந்து. தலையணைக்குள் தட்டுவதுபோல அமுங்கி, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

கேட்கிறது.

கேட்டிருக்கிறது அவனுக்கு. கடைசிவரை.

தண்ணீருக்குள்ளும் அழ முடிந்தது. ஒரு கை வளையத்தை இறுக்கியது. இழுத்தால் போதும்.

காலில் பட்டது.

இரண்டு பாதங்கள். அவள் பாதங்களைத் தேடின. கண்டுபிடித்தன. உள்ளங்காலோடு உள்ளங்கால் ஒட்டின. கட்டைவிரல் ஒருமுறை வருடியது, எப்போதும்போல.

சில்லென்று.

ஒரு கை வளையத்தில் இருந்தது. இன்னொரு கை தண்ணீரில் தொங்கியது. இரண்டும் அசையவில்லை.

படகை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நல்லா இருக்காங்க!" வாத்தின் குரல். அதில் அத்தனை நிம்மதி. "அவசரமே இல்ல அண்ணி. மெதுவா வாங்க."

கைதட்டல்.

பாதங்கள் இன்னும் அழுத்தின. நடுங்கின.

மறுபடி மூன்று.

அவள் விரல்கள் வளையத்தை விட்டன. கால்களை இருட்டுக்குள் நீட்டினாள், எட்டும் மட்டும். நெஞ்சில் கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்தது. வாயைத் திறந்தாள்.

"இன்னும் குளிருதா?"