பனிமூட்டத்தில் ஒரு மஞ்சள் புள்ளி

"இதை வரைஞ்சது யாரு?"

நீர் சொட்டும் மஞ்சள் மழையங்கியோடு தேவாலயக் கூடத்துக்குள் வந்தவன், கண்காட்சியின் முதல் படத்தின் முன்னால் நின்று கேட்டான். ஹானோரா நிமிர்ந்தாள். அவனுக்கு மழைக்காலக் கடலின் சாம்பல் நிறத்தில் கண்கள்... பாராட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

"நான்தான்."

"கழட்டிடுங்க."

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், அந்தக் கரையில் முன்பின் தெரியாதவரைக்கூட 'கண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். இவன் கூப்பிடவில்லை. அதுவே அவளுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போலிருந்தது.

அவன் பெயர் க்ளெம். கடற்கரைப் பறவைகளுக்குக் காவல் இருப்பவன். படத்தில், மணலில் அடைகாக்கும் உப்புக்கொத்திப் பறவை. தீவில் மிஞ்சியிருப்பவை சில ஜோடிகள்தான். பின்னாலிருந்த பிளந்த பாறையை அவள் அச்சு அசலாக வரைந்திருந்தாள். அந்தப் பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு ஆட்கள் கூட்டைத் தேடிப் போகிறார்கள் என்றான்.

"பார்த்தாத்தானே காப்பாத்தணும்னு தோணும், காவல்காரரே?" என்றாள் வீம்பாக.

"அப்ப நீங்களும் வந்து பாருங்க."

போனாள். கூட்டைச் சுற்றி எத்தனை காலணித் தடங்கள்... நான்கு முட்டைகளில் மூன்று நசுங்கிக் கிடந்தன. ஆண் பறவை சிறகொடிந்ததுபோல் நடித்து, அவர்களைத் தன் பின்னால் இழுக்கப் பார்த்தது. ஹானோரா குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்தாள். ஆசை ஆசையாய்த்தானே வரைந்தேன்... அந்த ஆசையா இத்தனை பேருக்கு வழிகாட்டியது?

அன்றே படத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதன்பின் அவன் முகத்தில் விழிக்கக் கூசி, இரண்டு வாரம் வெளியே வரவில்லை.

ஒரு காலை, அவனே வாசலில் நின்றான்.

"நாலாவது பொரிஞ்சிடுச்சு."

கையில் தூரிகையோடு அவள் கதவை அகலத் திறந்தாள். அதற்குள் அவன் பார்வை உள்ளே இருந்த அதே படத்துக்குப் போயிருந்தது. பாறை இல்லை. கரை இல்லை. எல்லாவற்றையும் வெள்ளைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. பறவைக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி.

"இது... யாரு?"

"காவலுக்கு ஒரு ஆள் வேணாமா?"

இப்போது அதிர்ந்து நின்றது அவன். தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"பன்னிரண்டு வருஷமா அந்தக் கரையில நடக்கிறேன். அது இவ்வளவு அழகுன்னு உங்க படத்துலதான் பார்த்தேன். வரைஞ்சவங்களையும் பார்த்துட்டேன்... அந்தத் தடுமாத்தத்துலதான் அன்னிக்கு எரிஞ்சு விழுந்தேன்... கண்ணே."

ஊரே தினம் நூறு முறை சொல்லும் சொல். அதைச் சொல்லிவிட்டு இவன் ஏன் இப்படிச் சிவந்துபோகிறான்...

தூரிகையைக் கீழே வைத்தாள் ஹானோரா.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "எனக்கு மட்டும்."