அழகான பத்தை விட்டு வாத்தை எடுத்தவர்

முத்துசெல்வி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்த வேகத்தில், நல்லதம்பி கையிலிருந்த பேப்பர் பறந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது. தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு யாரும் இப்படி ஓடி வந்ததில்லை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லித் தயங்கித் தயங்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

"ஏட்டம்மா, பன்னெண்டு மணிக்குள்ள அந்தக் கத்தி கெடைக்கலேன்னா என்னைய போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருவாவளாம். நா எடுக்கல. சத்தியமா எடுக்கல!"

ஊரே ஏட்டம்மா என்று கூப்பிடும் ஞானபாக்கியம், தலைமைக் காவலராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகினால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்காரும் சுபாவம். அவருடைய உதவியாளர் நல்லதம்பி அதற்கு நேர் எதிர். முப்பது வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக விசில் ஊதிய மனிதர். எதையும் உடனே கிளப்பிவிட வேண்டும் அவருக்கு.

"எந்தக் கத்தி? தண்ணியைக் குடிச்சிட்டு முதல்ல இருந்து சொல்லு" என்றார் ஞானபாக்கியம்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை பார்க்கிறாள் முத்துசெல்வி. சாரல் நேரமாகப் பார்த்து அங்கே பதினொரு பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். எல்லோரும் மடக்குக்கத்திப் பைத்தியங்கள். ஆளுக்கொரு கத்தியை ஹால் மேசையில் பரப்பி வைத்து, நேற்று முழுக்க அதைப் பற்றியே பேசித் தீர்த்திருக்கிறார்கள். இன்று காலை ஆறு மணிக்கு ஹாலைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு அருவிக்குக் குளிக்கப் போனார்கள். எட்டு மணிக்குத் திரும்பியபோது பத்துக் கத்திகள்தான் இருந்தன.

"ஒண்ணு சிப்பி பதிச்சது ஏட்டம்மா, மயில் கழுத்து கணக்கா மினுங்குது. அது அங்கனயே இருக்கு. காணாமப் போனது முதுகு புடைச்சு, நடுவுல ஓட்டை விழுந்த கத்தி. உடைஞ்சு போனதுன்னுதான் நா நெனச்சேன். ஏழு மணிக்கு ஹாலைக் கூட்டினது நான்தான், அதனால எடுத்ததும் நான்தானாம். ரிசப்ஷன்ல அத்தனை பேரு நிக்கையில, மேனேஜர் சார் களவாணின்னு சத்தம் போட்டுட்டாரு." அவள் அழவில்லை, முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "நாலு லாட்ஜுல வேலை பாக்கேன். ஒரு லாட்ஜுல களவாணின்னா நாலுலயும் களவாணிதான். சீசன் முடியற வரைக்கும் எவன் என்னை உள்ள விடுவான்?"

ஞானபாக்கியம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்படி மாட்டினால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். நல்லதம்பி குடையோடு வாசலில் நின்றார்.

"மினுங்குனதை விட்டுட்டு உடைஞ்சதை எடுத்திருக்கான்" என்றார் ஞானபாக்கியம். "நல்ல ருசியான கேஸ் அண்ணாச்சி. ஆட்டோ கூப்பிடுங்க!"

லாட்ஜ் ரிசப்ஷனில் மேனேஜர் பால்வண்ணநாதன் வலது கையால் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரவேற்றார். "பாத்ரூம் முதற்கொண்டு எல்லாத்தையும் நானே முன்ன நின்னு சோதனை போட்டாச்சு. கத்தி இந்தப் பொம்பளை மூலமா வெளிய போயிட்டு. இதுல துப்புத் துலக்க என்னம்மா இருக்கு? எனக்குக் கத்தின்னாலே ஆகாது. வீட்டுல தேங்காகூட சம்சாரம்தான் உடைக்கும்."

பலகையிலிருந்து ஹால் சாவியை எடுக்க அவர் கையை உயர்த்தினார். மடித்துவிட்ட சட்டைக்கைக்குக் கீழே, வலது முன்கை நிறைய அடர்ந்த முடி. நடுவில் தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும் வழுவழுவென்று இருந்தது. பேண்ட்டின் இடது பாக்கெட் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு நைந்து நூல் தொங்கியது. நல்லதம்பி தன் குறிப்பேட்டில் 'மேனேஜர்: கையில் படை, புது பேண்ட் வாங்காத கஞ்சன்' என்று எழுதிக்கொண்டார்.

குளிக்கப் போன பதினொரு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒரு நிமிஷம்கூட இல்லை. அப்படியானால் ஹாலுக்குள் போயிருக்கக்கூடியவர்கள் முத்துசெல்வியைத் தவிர மூன்றே பேர். சாவி வைத்திருந்த மேனேஜர். மறந்துபோன எண்ணெய் பாட்டிலை எடுக்க ஆறரைக்குத் திரும்பி வந்து சாவி வாங்கிய வேன் டிரைவர் சுடலைக்கண்ணு. அதே சாவியோடு கேமரா பை எடுக்கப் போன போட்டோகிராபர் ஜெபஸ்டின். கத்திகளைப் படம் பிடிக்க வந்தவன்.

டிரைவரின் செருப்புச் சேறு ஹால் கதவு வரை அச்சு அச்சாகக் கிடந்தது. அதை அளந்துகொண்டிருந்த நல்லதம்பி, ஜெபஸ்டினைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"கட்டைவிரல்ல பிளாஸ்திரி! ஏட்டம்மா, கேஸ் முடிஞ்சிட்டு!"

"மங்குஸ்தான் நறுக்கப் போயி வெட்டிக்கிட்டேன் அண்ணாச்சி" என்றான் ஜெபஸ்டின் பாவமாக. "நேத்து ராத்திரி, கேன்டீன் கத்தியில. இந்தக் கத்தி எதையும் நா தொட்டதே இல்ல. கத்தியைப் பறிகொடுத்த ஹவில்தார் சார்தான் ஒவ்வொண்ணா விரிச்சு வச்சாரு, நா போட்டோ மட்டும்தான் எடுத்தேன்."

கேன்டீன்காரரும் அதை உறுதி செய்தார். நல்லதம்பியின் முகம் டிக்கெட் இல்லாத பயணியைக் கோட்டைவிட்டது போல ஆயிற்று.

கத்தியைப் பறிகொடுத்த குற்றாலீஸ்வரன், இலத்தூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். மேசைக்கு முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவு அசிங்கமான கத்திக்கா இவ்வளவு கவலை?" என்று ஞானபாக்கியம் வேண்டுமென்றே சீண்டினார்.

அவ்வளவுதான், மனிதர் சோகத்தையெல்லாம் மறந்து எழுந்துவிட்டார்! வலது பாக்கெட்டின் விளிம்பில் கிளிப்பால் மாட்டியிருந்த சின்னக் கத்தி ஒன்றை உருவினார். "அசிங்கமா? நாங்களும் அதை வாத்துன்னுதான் கூப்பிடுவோம். இது அதே கம்பெனியில வந்த வாத்துக்குஞ்சு. கூர்ந்து பாருங்க ஏட்டம்மா!"

ஒற்றைக் கட்டைவிரல் ஓட்டைக்குள் நுழைந்து தள்ளியது. அலகு 'டக்'கென்று விரிந்து நின்றது.

"இன்னொரு கையில கயிறு இருக்கட்டும், கன்னுக்குட்டி இருக்கட்டும், ஒரு கையால திறந்துரலாம். கை நனைஞ்சிருந்தாலும் வழுக்காது. ஓட்டைக்கு இடம் வேணும்னுதான் இந்தத் திமில். சிப்பிக் கத்தியை நகத்தால கிள்ளித் திறக்கணும், அதுக்கு ரெண்டு கை வேணும். இங்கன பாருங்க, கூர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எலி கடிச்ச மாதிரி ஒரு குழிவு. முதுகுப் பூட்டைக் கட்டைவிரலால அமுக்கினா அலகு தானா விழும். விழுறது இந்தக் குழிவு, ஆள்காட்டி விரல் மேல. கூரே கிடையாது! அப்புறம் விரலை எடுத்துட்டு மடக்கிர வேண்டியதுதான்."

அவர் அப்படியே மடக்கிக் காட்டினார். அலகு விரல்மேல் விழுந்தபோது நல்லதம்பி "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாதவன் உயிர் போனாலும் இப்படி மடக்க மாட்டான்" என்று சிரித்தார் ஹவில்தார். "இன்னொரு விசேஷம். மத்த கத்தியில பூட்டு, குமிழ், கிளிப் எல்லாம் வலது கைக்காரனுக்குன்னே செஞ்சிருப்பான். வாத்துக்கு வலது இடது கிடையாது. கிளிப்பைக்கூடக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கிடலாம். இப்ப கம்பெனி அதைச் செய்யறதையே நிறுத்திட்டான். எங்க தேடியும் கெடைக்காது."

"உங்க கையில என்ன அது?" ஞானபாக்கியம் அவருடைய இடது முன்கையைக் காட்டினார். அங்கே தீப்பெட்டி அகலத்துக்கு முடியே இல்லை.

ஹவில்தார் வெட்கப்பட்டார். "சாணை பிடிச்சா கூர் வந்துட்டான்னு பாக்கணும்லா? கை முடியைச் சிரைச்சுப் பாப்போம். இந்தக் கூட்டத்துல முக்கால்வாசிப் பேரு கை இப்படித்தான் இருக்கும்."

ஞானபாக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அந்த வாத்துக்குஞ்சை எனக்கு ஒரு மணி நேரம் கடன் குடுங்க. அண்ணாச்சி, மூணு டீ வேணும். ஒண்ணு ஒண்ணா, நா சொல்லும்போது கொண்டாங்க."

முதல் டீ, வேனில் இருந்த சுடலைக்கண்ணுவுக்கு. அவர் அதை வலது கையில் வாங்கியதும், ஞானபாக்கியம் விரித்த கத்தியை நீட்டினார். "இதைக் கொஞ்சம் மடக்கிக் குடுங்க." நல்லதம்பி பதறிப்போய், "கத்தியைக் கையில குடுக்காதீங்க, சண்டை வரும்!" என்றார். டிரைவர் டீயை வேன் படியில் வைத்தார். இரண்டு கையாலும் திருகினார், தொடையில் வைத்து அமுக்கினார். "எங்கன மடக்குது இது?" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது டீ ஜெபஸ்டினுக்கு. அவன் கத்தியைக் கையால் வாங்கவே இல்லை. "மேசையில வச்சிருங்க மேடம்" என்று பிளாஸ்திரி விரலை மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் ஹாலில் கூடினார்கள். முத்துசெல்வி வாசலில் நின்றாள். பால்வண்ணநாதன் நல்லதம்பி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டே கத்தினார். "இன்னும் கால் மணி நேரம்தான்! அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுருவேன். இவளைப் போல ஆளுகளை வேலைக்கு வச்சா லாட்ஜ் பேரு என்னாகும்?"

"நியாயம்தான்" என்று தலையாட்டினார் ஞானபாக்கியம். பேச்சோடு பேச்சாக விரித்த கத்தியை அவரிடம் நீட்டினார். "இதை மடக்கி அந்தப் பெட்டியில வைங்க. யாரு காலுலயாவது விழுந்துரப் போகுது. லாட்ஜ் முதலாளிக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"சொல்லாம இருப்பேனா? காலையிலேயே..."

மேனேஜரின் இடது கை கத்தியை வாங்கியது. கட்டைவிரல் பூட்டை அமுக்கியது. அலகு ஆள்காட்டி விரல்மேல் விழுந்தது, விரல் விலகியது, கத்தி 'டக்'கென்று மூடிக்கொண்டது. அவர் கண் ஞானபாக்கியத்தின் முகத்தைவிட்டு அசையவே இல்லை. வலது கையிலிருந்த டீயில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

ஹவில்தார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மற்ற பத்துப் பேரும் எழுந்தார்கள். பால்வண்ணநாதன் தன் இடது கையைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே புரிந்தது.

"தேங்கா உடைக்கப் பயந்த ஆளு, அலகை விரல்மேல விழவிட்டு மடக்குதாரே" என்றார் ஞானபாக்கியம் அமைதியாக. "எல்லாத்தையும் சோதனை போட்ட உங்களை மட்டும் யாரும் சோதிக்கல. இடது பாக்கெட்டுல இருக்கறதை எடுத்து வைங்க மேனேஜர்."

மேனேஜர் வாத்துக்குஞ்சை வைத்துவிட்டு, இடது பாக்கெட்டின் அடி வரை கையை விட்டார். பிறகு வாத்து மேசைக்கு வந்தது. ஹவில்தார் அதைப் பாய்ந்து எடுத்துத் திருப்பினார். "அடப்பாவி! கிளிப்பை இடது பக்கம் மாத்திட்டானே! அஞ்சு மணி நேரத்துல!"

"எப்படி ஏட்டம்மா? எப்படி?" நல்லதம்பியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"நீங்கதான் காலையிலேயே எழுதி வச்சிட்டீங்களே அண்ணாச்சி. படை இல்லை அது, கூர் பாத்த இடம். ஹவில்தாருக்கு இடது முன்கையில இருக்கு, ஏன்னா அவர் கத்தி பிடிக்கிறது வலது கை. இவருக்கு வலது முன்கையில இருக்கு. நைஞ்ச பாக்கெட்டும் கஞ்சத்தனம் இல்லை, வருஷக்கணக்கா கிளிப் மாட்டுன இடம். அதுவும் இடது பக்கம். ஒண்ணுமே தெரியாதவன் வந்திருந்தா சிப்பிக் கத்தியைத்தான் தூக்கியிருப்பான். வாத்தோட அருமை தெரியணும்னா கத்திப் பைத்தியமா இருக்கணும். பத்தையும் விட்டுட்டு அதை மட்டும் எடுக்கணும்னா, இடது கைக்காரப் பைத்தியமா இருக்கணும்."

"ஆனா இவரு பதிவேட்டுல எழுதினது வலது கையாலல்லா?"

"எழுதுறதும் சாப்பிடுறதும் வாங்குறதும் குடுக்கறதும் வலது கையிலதான்னு சின்னதுலயே எல்லாருக்கும் அடிச்சுப் பழக்கிருவாங்க. கத்தி பிடிக்க மட்டும் யாரும் சொல்லித் தரலை. அது அவரோட சொந்தக் கை. அதான் வலது கைக்கு ஒரு டீயைக் குடுத்தேன்."

பால்வண்ணநாதன் தொண்டையைச் செருமினார். "ஆறு வருஷமா தேடுதேன்" என்றார் மெதுவாக. "எல்லாக் கத்தியும் என் கைக்கு எதிராத்தான் இருக்கும். நேத்து ராத்திரி ஜன்னல் வழியா பாத்தேன்..."

"கேட்டிருந்தா கையில குடுத்திருப்பேனே!" என்று கத்தினார் ஹவில்தார். "எங்க கூட்டத்துலயே சேத்திருப்பேனே! ஒரு ஏழைப் பொம்பளை மேலயா பழியைப் போடுவ?" அவர் வாசல் பக்கம் திரும்பினார். "போலீஸா, வேண்டாமா? நீ சொல்லு தாயி."

முத்துசெல்வி உள்ளே வந்து வாத்தை உற்றுப் பார்த்தாள். இதற்கா இத்தனையும் என்பது போல ஒரு பார்வை.

"எனக்குப் போலீஸு வேண்டாம். எங்க வச்சு என்னைச் சொன்னாரோ அங்கன வச்சு சொல்லணும். அதே சத்தத்துல."

எல்லோரும் ரிசப்ஷனுக்கு இறங்கினார்கள். ஈரத்துண்டோடு சாவிக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால்வண்ணநாதன் மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"முத்துசெல்வி எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

"காலையில இன்னும் சத்தமா சொன்னிய சார்."

"முத்துசெல்வி எடுக்கல! நான்தான் எடுத்தேன்!"

நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பார். முத்துசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏழாம் நம்பர் சாவியைக் குடுங்க. ரூம் கூட்டாமக் கெடக்கு."

மேனேஜரின் வலது கையில் ஆறிப்போன டீ இன்னும் அப்படியே இருந்தது. அவர் பலகையிலிருந்து சாவியை எடுத்து இடது கையால் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"வலது கையில குடுங்க சார்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, சாவியைக் கை மாற்றி, வலது கையால் கொடுத்தார்.